பக்கத்து வீட்டுத் தீயும் நம் வீட்டுப் பாலிசியும்

கலிபோர்னியாவின் மலையடிவார ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு கடிதத்தின் மேல் பயம். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் கடிதம் அது. இப்போதுள்ள பாலிசி முடிந்ததும் புதுப்பிக்கப் போவதில்லை என்று அதில் இருக்கும். 75 நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம், அதனால் வேறு இடம் தேடக் கையில் இருப்பது இரண்டரை மாதம். கடிதம் கிடைத்தவர் இருபது வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியவராக இருக்கலாம். ஒரு தடவைகூட கிளெய்ம் கேட்காதவராக இருக்கலாம். போன வருடம்தான் செலவு செய்து கூரையை மாற்றியிருக்கலாம். நான் என்ன தப்பு செய்தேன் என்பதுதான் அவருக்கு முதலில் வரும் கேள்வி.

பெரும்பாலும் அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். நிறுவனம் அவர் வீட்டை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வரவில்லை. அவர் தெருவைப் பார்த்தது, தெருவுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவைப் பார்த்தது, அந்தச் சரிவில் காய்ந்து கிடக்கும் புதரைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இரவில் அந்தத் தெரு முழுக்க எரிந்தால் எத்தனை பேருக்குச் சேர்ந்தாற்போல் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கூட்டிப் பார்த்தது. காப்பீடு கிடைக்காத வீடு என்று நாம் சொல்வது, கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், காப்பீடு கிடைக்காத தெருவாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போராடித் தோற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சொந்தக்காரர் யாராவது அங்கே வீடு வாங்கியிருந்தால், ஃபேர் பிளான் என்ற பெயரை நீங்களும் போனில் கேட்டிருப்பீர்கள். வேறு யாரும் பாலிசி தராதபோது போகும் இடம் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. காப்பீடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நமக்குச் சீட்டு போதும். இருபது பேர் மாதாமாதம் பணம் போடுகிறார்கள். இந்த மாதம் ஒருவர் எடுக்கிறார், அடுத்த மாதம் இன்னொருவர். எல்லோருக்கும் பணத் தேவை உண்டு, ஆனால் ஒரே மாதத்தில் இல்லை. சீட்டு ஓடுவதே அதனால்தான். இருபது பேரும் ஒரே மாதத்தில் வந்து நின்றால், சீட்டு பிடிப்பவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டுக் காப்பீடும் அப்படித்தான். ஒரு வீட்டில் சமையலறையில் தீப்பிடிக்கும். வேறொரு ஊரில், வேறொரு மாதத்தில், தண்ணீர்க் குழாய் வெடிக்கும். மூன்றாவது வீட்டில் திருட்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் சேர்ந்தால் வருடத்துக்கு இவ்வளவு போகும் என்று ஓரளவு திட்டமாகச் சொல்லிவிடலாம், அதற்கேற்ற பிரீமியத்தை வைக்கலாம். காட்டுத்தீ வந்தால் இந்தக் கணக்கு நிற்காது. காட்டுத்தீயில் வீடுகள் ஒவ்வொன்றாக எரிவதில்லை. வெள்ளமும் புயலும் நிலநடுக்கமும் இதே ஜாதிதான்.

இதற்கு ஒரு நிஜமான சாட்சி உண்டு. 2018 நவம்பர் 8 அன்று வடக்குக் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூர் எரிந்தது. கேம்ப் ஃபயர் என்று பெயர். பழைய மின்கம்பி ஒன்றைத் தாங்கியிருந்த கொக்கி தேய்ந்து அறுந்ததில் பற்றிய தீ, 85 பேரைக் கொன்றது, 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அந்த ஊரில் நிறைய வீடுகளுக்குப் பாலிசி கொடுத்திருந்த சிறிய நிறுவனம் மெர்சட் ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டி. நூறு வருடத்துக்கு மேல் நடந்த நிறுவனம். அதனிடம் இருந்த சொத்து சுமார் 2.3 கோடி டாலர். பாரடைஸ் ஒரே ஊரில் அது கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 6.4 கோடி டாலர். தீ பற்றிச் சில வாரங்களிலேயே நிறுவனம் திவாலாகி, மாநில அரசு பொறுப்பெடுத்துக்கொண்டது. நூறு வருடம் ஒழுங்காக நடந்த சீட்டு ஒரு நாளில் உடைந்தது.

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படி உடைவதில்லை. காரணம், அவை தங்களுக்கே காப்பீடு வாங்கி வைத்திருக்கின்றன. மறுகாப்பீடு என்று பெயர். பெர்முடாவிலும் ஸூரிச்சிலும் மியூனிக்கிலும் லண்டனிலும் இருக்கும் நிறுவனங்கள் அதை விற்கின்றன. அங்கே விலை ஏறினால் கலிபோர்னியாவில் ஒரு மலையூரில் அதன் வலி தெரியும். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியது. அடுத்த ஜனவரியில் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது மறுகாப்பீட்டு விலை உலகம் முழுக்க எகிறியது. எங்கோ அடித்த புயலுக்கு, காட்டோரம் இருப்பவர் காசு கட்டுகிறார்.

சரி, தெரு முழுக்க ஏன் எரிகிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

காட்டுத்தீ என்றதும் பெரிய சுவராக நெருப்பு நடந்து வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் மனதில் வரும். நிறைய வீடுகளில் தீ அப்படி நுழைவதில்லை. கங்குகள்தான் முதலில் வருகின்றன. மரப்பட்டைத் துண்டு, சுள்ளி, எரியும் கூரையின் மரச்சில்லு என்று காற்றில் ஒரு மைலுக்கும் மேல் பறந்து வந்து விழும். நம்மூரில் ஓலைக்கூரை வீடுகள் வரிசையாக இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடைக்காற்றில் ஒரு கூரை பற்றினால் எரியும் வீட்டை விட்டுவிட்டு, காற்று போகும் திசையில் இருக்கும் அடுத்த கூரையைப் பிரித்துப்போட ஓடுவார்கள். பறக்கும் ஓலை அடுத்துப் போய் உட்காரும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

கலிபோர்னியாவுக்கும் இது தெரியாத பாடமில்லை. 1961 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் பெல் ஏர் பகுதியில் 484 வீடுகள் எரிந்தன. அன்றைக்கு அங்கே பணக்கார வீடுகளில்கூட மரச்சில்லுக் கூரைதான். ஓலைக்கும் அதற்கும் தீயின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது ஒரு சாதாரண மலைப்பக்கத்து வீட்டைச் சுற்றி ஒரு நடை போவோம். கூரை புதிது, தீப்பிடிக்காத வகை. நல்லது. ஆனால் கூரை ஓரத்துப் பீலியில் பைன் மரத்தின் ஊசி இலைகள் காய்ந்து குவிந்திருக்கின்றன. தீக்குச்சி கிழித்தால் போதும் என்கிற அளவுக்குக் காய்ந்தவை. கூரைக்குக் கீழே பரணுக்குக் காற்று போக வைத்திருக்கும் துவாரத்தில் ஒரு கம்பி வலை. எலி, குருவி நுழையாமல் இருக்கப் போட்டது, கண்கள் கால் அங்குலம் இருக்கும். கங்குக்கு அந்த இடைவெளி தாராளம். உள்ளே பரணில் பழைய அட்டைப் பெட்டிகள். இப்போது தீத்தடுப்புக்காரர்கள் கேட்பது எட்டில் ஒரு அங்குலக் கண் உள்ள வலை. சில நூறு டாலர் வேலை.

கீழே வருவோம். சுவரை ஒட்டி அழகுக்காகப் பரப்பிய மரப்பட்டைத் தூள். அதன்மேல் ஜன்னலுக்கு நேர் கீழே வளர்ந்த புதர்ச்செடி. வீட்டுச் சுவரில் போய் முட்டும் மரவேலி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இவருக்கும் பொதுவானது. ஒரு முனையில் பற்றினால் இந்த வேலி திரி மாதிரி எரிந்துகொண்டே வந்து சுவரைத் தொடும். ஒரே ஒரு கங்கு, யாரும் இல்லாத வீட்டில், இந்த மரத்தூளில் விழுந்து பத்து நிமிடம் புகைந்தால் போதும். தீயணைப்பு வண்டி வேறு எங்கோ இருக்கும். வீட்டுக்காரர் ஊரைவிட்டு வெளியேறும் வரிசையில் காரில் உட்கார்ந்திருப்பார்.

அதற்கப்புறம் நடப்பதுதான் தெருவை எரிக்கிறது. புல்லும் புதரும் எரிந்து முடியச் சில நிமிடங்கள். வீடு எரிந்து முடிய மணிக்கணக்கு ஆகும். ஒரு வீட்டில் இருக்கும் மரம், சோபா, பிளாஸ்டிக், காரில் இருக்கும் பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் எந்தப் புதரைவிடவும் பெரிய விறகுக்கட்டு. அந்த வெப்பத்தில் பத்துப் பதினைந்து அடி தள்ளி இருக்கும் பக்கத்து வீட்டின் ஜன்னல் கண்ணாடி வெடிக்கும். அந்த நிமிடத்திலிருந்து காட்டுக்கு அங்கே வேலையில்லை, வீடு வீட்டைக் கொளுத்திக்கொண்டு போகும்.

2017 அக்டோபரில் சாண்டா ரோசா நகரத்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். டப்ஸ் ஃபயர் மலையிலிருந்து இறங்கி, 101ஆம் நெடுஞ்சாலையின் ஆறு வழித்தடங்களைக் கங்குகளாகத் தாண்டி, காஃபி பார்க் என்ற குடியிருப்புக்குள் விழுந்தது. சமதளம், ஒரே மாதிரி வீடுகள், அக்கம்பக்கத்தில் காடு இல்லை. தீ அபாய வரைபடத்தில் அது ஆபத்தான இடமாகவே குறிக்கப்பட்டிருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின.

பாரடைஸ் எரிந்த பிறகு எந்த வீடு தப்பியது, எது எரிந்தது, ஏன் என்று ஆய்வாளர்கள் வீடு வீடாக அலசினார்கள். 2008க்குப் பிறகு, புதிய தீத்தடுப்பு விதிப்படி கட்டிய வீடுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தப்பியிருந்தன. 1997க்கு முன் கட்டியவற்றில் தப்பியது நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு. ஆகவே கட்டும் விதம் நிச்சயம் உதவுகிறது. ஆனால் அவர்கள் பார்த்த காரணங்களில் வலுவாக நின்றவற்றில் ஒன்று, எரிந்த கட்டடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது. நீங்கள் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு செய்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் செய்யாவிட்டால் உங்கள் கணக்கு பாதிதான். மலையோர வீட்டுக்காரரின் துக்கம் மொத்தமும் இந்த ஒரு உண்மையில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இந்த ஆபத்துக்கு ஒரு விலை வைத்து விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல்.

கலிபோர்னியா மக்கள் 1988 நவம்பரில் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ப்ரொபோசிஷன் 103. காப்பீட்டு நிறுவனங்கள் இஷ்டத்துக்குப் பிரீமியம் ஏற்றக் கூடாது, மாநிலக் காப்பீட்டு ஆணையரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஏழு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கேட்டால், நுகர்வோர் தரப்பு அதை எதிர்த்துப் பொது விசாரணை கோரலாம். கார் இன்சூரன்ஸ் விலை கண்டபடி ஏறியதில் வெடித்த கோபத்தில் பிறந்த சட்டம் அது. அதனால் மக்களுக்கு மிச்சமான பணம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தச் சட்டத்தை வில்லனாக்கிப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் அதன் அடியில் வந்த விதிகளில் ஒன்று, பேரழிவு நஷ்டத்தைக் கடந்த காலத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. குறைந்தது இருபது ஆண்டுகளின் சராசரி. வருங்காலத்தில் என்ன நடக்கலாம் என்று கணினி மாதிரிகள் சொல்வதைக் காட்டுத்தீ விஷயத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுகாப்பீட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் பிரீமியத்தில் சேர்க்கக் கூடாது. வெயிலும் வறட்சியும் மாறாமல் இருக்கும் உலகத்தில் இந்த விதி சரி. 1991ல் ஓக்லண்ட் மலைகளில் ஒரு பெரிய தீ, 25 பேர் இறந்தார்கள், சுமார் மூவாயிரம் வீடுகள் போயின. அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒப்பீட்டளவில் அமைதி. சராசரி குறைவாகவே காட்டியது. அதற்கிடையில் காட்டோரத்தில் வீடுகள் பெருகின, காடு காய்ந்தது. 2017, 2018 என்ற இரண்டே ஆண்டுகளின் தீயில், அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் வீட்டுக் காப்பீட்டில் நிறுவனங்கள் சம்பாதித்த லாபம் முழுவதும் போனது, அதற்கு மேலும் போனது. பின்பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டியதன் விளைவு.

இதோடு கட்டுமானச் செலவு. 2020க்குப் பிறகு மரவிலை, கூலி எல்லாம் ஏறின. ஐந்து லட்சம் டாலருக்கு எழுதிய பாலிசி வீட்டைத் திரும்பக் கட்டப் போதவில்லை என்பது தீக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

விலையும் வைக்க முடியாது, ஆபத்தும் ஏறுகிறது என்றால் ஒரு நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றுதான், விற்பதை நிறுத்துவது. 2022ல் ஆல்ஸ்டேட் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. 2023 மே மாதம், மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளரான ஸ்டேட் ஃபார்ம் ஜெனரல் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்தியது. 2024 மார்ச்சில், சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றது. அதில் வீடுகள் சுமார் 30,000, மீதி வாடகைக் குடியிருப்புகள். லாஸ் ஏஞ்சலிஸில் கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் பசிஃபிக் பாலிசேட்ஸில் மட்டும் சுமார் 1,600 பாலிசிகள் அந்த விலகலில் போயின.

2025 ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸ் எரிந்தது. அதே நாள் மாலை வேறொரு மலைத்தொடரின் அடிவாரத்தில் ஈட்டன் தீ பற்றி, ஆல்டடீனா ஊருக்குள் இறங்கியது. இரண்டிலும் சேர்த்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள், 16,000க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 4,000 கோடி டாலர் என்பது மதிப்பீடு. நிறுவனத்தின் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்தவர் விலகிக்கொண்டார், வீட்டுக்காரருக்கு விலகிக்கொள்ள இடமில்லை. ஆபத்தைப் பற்றிய அறிவு ஒருவர் கையிலும், ஆபத்து இன்னொருவர் தலையிலும் இருந்தது. இது என்னை மிகவும் உறுத்துகிறது.

பாலிசி போனால் என்ன, காப்பீடு இல்லாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்றும் தோன்றலாம். நம்மூரில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தானே இருக்கின்றன. அங்கே முடியாது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி, கடன் தீரும்வரை காப்பீடு இருந்தாக வேண்டும் என்று கேட்கும். இல்லாவிட்டால் வங்கியே ஒரு பாலிசி எடுத்து உங்கள் தலையில் கட்டும். விலை அதிகம், அது காப்பாற்றுவது முக்கியமாக வங்கியின் கடனைத்தான். காப்பீடு கிடைக்காத வீட்டுக்குப் புதிதாகக் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அதனால் விலை விழும், சொத்து வரி குறையும், ஊரின் வருமானம் குறையும். ஒரு கடிதத்தில் தொடங்கியது இவ்வளவு தூரம் போகிறது.

கடன் அடைந்த வீடுகளின் கதை வேறு மாதிரி வலிப்பது. ஆல்டடீனாவில் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சொந்த வீடு வைத்திருந்தன. மற்ற இடங்களில் அவர்களுக்கு வீடு விற்காத, வங்கிகள் கடன் கொடுக்காத காலத்தில் அங்கே வாங்க முடிந்தது. தாத்தா வாங்கி, அம்மா கடனை அடைத்து, பேரப்பிள்ளைகள் வசித்த வீடுகள். வங்கி இல்லாததால் காப்பீட்டைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. ஓய்வூதியத்தில் பிரீமியம் கட்ட முடியாமல் விட்டவர்கள், குறைத்து எடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இப்போது ஃபேர் பிளான். வேறு யாரும் பாலிசி தரவில்லை என்றால் போகும் கடைசி இடம் இது. 1968ல் தொடங்கியது. அறுபதுகளின் கலவரங்களுக்குப் பிறகு நகரத்தின் ஏழைப் பகுதிகளுக்கும், புதர்த்தீ ஆபத்துள்ள மலைப்பகுதிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தபோது, மாநிலம் சட்டம் போட்டு உருவாக்கியது. பலர் இதை அரசாங்கக் காப்பீடு என்று நினைக்கிறார்கள். அரசுப் பணம் இதில் இல்லை. மாநிலத்தில் சொத்துக் காப்பீடு விற்கும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து, தங்கள் சந்தைப் பங்குக்கு ஏற்ப, தாங்கும் கூட்டுத் தொகுப்பு. தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் நடக்கும் வெடிப்பு என்று சில ஆபத்துகளுக்கு மட்டும் அடிப்படைப் பாதுகாப்பு. குழாய் வெடித்து வீடு நனைந்தால் இல்லை. திருட்டுக்கு இல்லை. வாசலில் யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் இல்லை. அதற்கெல்லாம் இன்னொரு நிறுவனத்திடம் இட்டு நிரப்பும் பாலிசி ஒன்று தனியாக வாங்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் பழைய பிரீமியத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும் வீடுகள் சாதாரணம்.

தற்காலிகப் புகலிடமாக நினைத்து வைத்தது இது. 2020ல் இதில் இருந்த பாலிசிகள் இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டி. 2024 இறுதியில் நாலரை லட்சத்துக்கு மேல். யோசித்துப் பாருங்கள், இந்தத் தொகுப்பில் சேர்பவர்கள் யார்? எல்லா நிறுவனங்களும் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடுகள். அதாவது, ஒரே மாதத்தில் சேர்ந்து வந்து கையை நீட்டக்கூடியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்த சீட்டு. 2025 தீக்குப் பிறகு நடந்ததும் அதுதான். பணம் போதாமல், பிப்ரவரியில் 100 கோடி டாலர் தரும்படி உறுப்பு நிறுவனங்களிடம் கேட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து முதல் முறை. அதில் பாதிவரை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் வசூலிக்கலாம் என்று விதி இருந்தது. காட்டைவிட்டு நூறு மைல் தள்ளி அடுக்குமாடியில் இருப்பவருக்கும் இப்படி ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு உள்ளேயே காரணம் இருக்கும் வீடுகளையும் சொல்லிவிடுகிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய பீங்கான் குமிழில் சுற்றிய மின்வயரிங், ஆயுள் முடிந்த கூரை, மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது, அடிக்கடி கிளெய்ம் கேட்ட வரலாறு. இவற்றுக்கும் பாலிசி மறுப்பார்கள். இப்போது பறவைக்கோணப் படங்களை வைத்தே கூரையின் நிலையைப் பார்த்துவிடுகிறார்கள், ஆள் வர வேண்டியதில்லை. ஆனால் இவை பணம் செலவழித்தால் தீர்பவை. மலைச்சரிவைப் பணம் கொடுத்து நகர்த்த முடியாது.

பிரிட்டன் வெள்ளத்துக்கு வேறு வழி எடுத்தது. ஃப்ளட் ரீ என்று 2016ல் தொடங்கிய அமைப்பு. நாடு முழுக்க வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வரி மாதிரி ஒரு தொகை வாங்கி, ஆற்றோர வீடுகளின் வெள்ள ஆபத்தைக் குறைந்த விலையில் ஏற்றுக்கொள்கிறது. 2039ல் மூடிவிடுவதாகத் திட்டம். அதற்குள் ஊர்கள் தங்களைத் தயார்செய்துகொள்ள வேண்டும். 2009க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இதில் இடமில்லை. இனிமேல் தெரிந்தே வெள்ளப்பகுதியில் கட்டுபவருக்கு ஊரார் பணம் போகாது என்ற அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. கலிபோர்னியாவில் அப்படி ஒரு கோட்டைப் போட யாரும் துணியவில்லை.

அங்கே நடப்பது வேறு. 2024 டிசம்பரில் பழைய விதியை மாற்றினார்கள். கணினி மாதிரிகளையும் மறுகாப்பீட்டுச் செலவையும் பிரீமியத்தில் சேர்க்கலாம். பதிலுக்கு, மாநிலம் முழுவதிலும் ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் சந்தைப் பங்கில் 85 சதவீத அளவுக்காவது ஆபத்துப் பகுதிகளிலும் பாலிசி கொடுக்க வேண்டும். பிரீமியம் ஏறும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கிடைக்காமல் இருப்பதைவிட விலை கூடினாலும் கிடைப்பது மேல் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த மாதிரிகள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்பதைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்ற நுகர்வோர் அமைப்புகளின் கோரிக்கை நியாயமானது.

இன்னொரு மாற்றம் மெதுவாக வருகிறது. வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று 2020ல் சட்டம் போட்டார்கள். விதிகளை எழுதி முடிக்க வருடக்கணக்கில் இழுத்தது. ஜன்னலடி ரோஜாச்செடியைப் பிடுங்கச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? வீட்டுக்காரர்களின் எதிர்ப்பு கடுமை. ஐந்து அடியைச் சுத்தம் செய்தவருக்கும், பரண் வலையை மாற்றியவருக்கும் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022லேயே விதி வந்தது. ஆனால் தள்ளுபடி வேறு, பாலிசி கிடைக்கும் என்ற உறுதி வேறு. எல்லாம் செய்து முடித்துப் படம் எடுத்து அனுப்பியும் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் பார்ப்பது தெருவை.

அப்படியானால் தெருவாகவே கட்டினால்? சான் டியேகோ பக்கம் எஸ்கண்டிடோவில் டிக்ஸன் டிரெயில் என்று 64 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஒவ்வொரு வீடும் மட்டுமில்லாமல், வீடுகளுக்கு இடையிலான தூரம், வேலி, துவாரம், சுற்றுச்செடி எல்லாம் சேர்த்துத் தீத்தாங்கும் குடியிருப்பாகச் சான்று பெற்றது. வேலிகள் உலோகம். சுவரோரம் மரப்பட்டை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வாரோ என்ற கவலையை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்ட இடம். வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டுவதால் இது முடிந்தது. எழுபது வருடப் பழைய தெருவில், ஆளுக்கொரு வருமானமும் ஆளுக்கொரு கருத்துமாக இருப்பவர்களை ஒன்றுசேர்த்து வேலியைப் பிடுங்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று, ஒரு சங்கக் கூட்டத்திலாவது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பாரடைஸில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் 26,000 பேருக்கு மேல் இருந்த ஊர். 2020ல் எடுத்தபோது ஐயாயிரத்துக்கும் குறைவு. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறார்கள். புதிய வீடுகளைச் சுற்றி ஐந்து அடிக்குக் கல்லும் மண்ணும்தான் இருக்க வேண்டும் என்று ஊர் விதி போட்டிருக்கிறது. மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் புதைக்கிறார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கும் கிடைத்திருப்பது ஃபேர் பிளான்தான். விதிப்படி கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில், திரும்பி வராத ஒருவரின் காலி மனை கிடக்கும். மழை முடிந்ததும் அதில் புல் இடுப்பு உயரம் வளரும், ஜூனில் பழுத்துக் காயும். வெட்டச் சொல்ல அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் மனைக்காரரின் புது விலாசத்தைத் தேட வேண்டியிருக்கும்.